தோற்றவருக்கும் ஒரு கணக்கு

சென்ற மாதம் ஆம்பூர் போயிருந்தேன். பிரியாணிக்காகத்தானே என்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் என்னோடு பி.காம். படித்த நண்பன். ஃபினிஷ்டு லெதர் வாங்கி விற்கிறான். ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றும் வைத்திருக்கிறான். பரீட்சைக்கு முதல் நாள் என் ஆடிட்டிங் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் படித்துவிட்டு, அதே பேப்பரில் என்னைவிட ஆறு மார்க் அதிகம் வாங்கியவன். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

நான் போன நேரம் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. மகள் வேலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் வருடம். 'கம்ப்யூட்டர் செக்யூரிட்டி' என்று ஒரு பாடம். அதில் மேடம் கொடுத்திருக்கும் அசைன்மென்ட் இதுதான்: 'நீங்கள் ஒரு திருடர். ஒரு தேர்தலைத் திருட வேண்டும். எங்கே கை வைப்பீர்கள்? எவ்வளவு செலவாகும்? எத்தனை பேர் கூட்டு வேண்டும்? மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு? நான்கு பக்கங்களுக்கு மிகாமல் எழுதுக.'

"காலேஜுக்கு ஃபீஸ் கட்டி அனுப்பினா திருடறதுக்குச் சொல்லிக் குடுக்கறாங்கண்ணே" என்றார் நண்பனின் மனைவி. "நாளைக்குப் போலீஸ் வந்து வாசல்ல நின்னா?"

நண்பனின் கோபம் வேறு வகை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவன். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தக் கட்டுரையை நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள். "மெஷினை சந்தேகப்பட்டா என்னை சந்தேகப்படற மாதிரிடா. நான் கையெழுத்துப் போட்டு சீல் வெச்ச பொட்டி அது" என்றான்.

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரன் என்றால் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருப்பான் என்று ஒரு நம்பிக்கை. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வாய்தா வாங்கினேன்.

திருடன் மாதிரி யோசிக்கச் சொல்லிக்கொடுப்பது தப்பா? வேறு யாரும் இந்த வேலையைச் செய்வதில்லையா என்றால், எங்கள் பி.காமிலேயே செய்தார்கள். காஷியரே லெட்ஜரும் எழுதினால் என்னென்ன தில்லுமுல்லு செய்யலாம் என்று ஆடிட்டிங் பேராசிரியர் ஒரு மணி நேரம் ரசித்து ரசித்துச் சொல்வார். வராத ஆளுக்குச் சம்பளம் போடுவது, இன்று வந்த பணத்தை நேற்றைய பாக்கிக்கு ஈடுகட்டுவது எல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆடிட்டர் என்பவர் காவல் நாயா, வேட்டை நாயா என்று 1896-ல் ஒரு பருத்தி ஆலை வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் யோசித்துக் காவல் நாய் என்று முடிவு கட்டியது. காவல் நாயோ வேட்டை நாயோ, திருடனின் வாசனை தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பாடம் நடத்த பேங்க்கை எடுத்துக்கொள்ளாமல் ஏன் தேர்தலை எடுத்தார்கள்? இதற்கு அந்தப் பெண்ணே பதில் சொன்னாள்.

"பேங்க் ஈஸி அங்கிள். தப்பா நூறு ரூபா போயிடுச்சுன்னா எஸ்.எம்.எஸ். வரும், ஸ்டேட்மென்ட் பாத்து சண்டை போடலாம். ஓட்டுல அது முடியாது. நான் யாருக்குப் போட்டேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஆனா எல்லா ஓட்டையும் சரியா எண்ணினாங்கன்னு எல்லாருக்கும் தெரியணும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுதில்ல?"

"ஏன், ஓட்டுப் போட்டதும் ஜிபே மாதிரி நமக்கு மட்டும் ஒரு மெசேஜ் வரட்டுமே" என்றான் நண்பன்.

"வந்தா காசு குடுத்தவன் அந்த மெசேஜைக் காட்டச் சொல்வான்பா."

நண்பன் வாயை மூடிக்கொண்டான். இருபது வருட ஏஜென்ட் அல்லவா, அவனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

வேலூரை அடுத்த பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் இருவர் விரல்கள் மட்டும் பேசிக்கொள்ளும், சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நானும் ஓட்டு ரகசியம் என்பது அந்தத் துண்டு மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. துண்டுக்கு அடியில் இரண்டு பேருக்குத் தெரியும். ஓட்டில் ஒருவருக்குத்தான் தெரியும், அவரே நினைத்தாலும் அதை இன்னொருவருக்கு நிரூபிக்க முடியக்கூடாது. வாக்குச்சாவடிக்குள் செல்போன் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு போட்டோ ஒரு ரசீது.

இப்படி ரசீதே இல்லாத ஒரு கணக்கை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்தோம். கதை 1982-ல் கேரளாவின் பரவூரில் தொடங்குகிறது. சட்டமன்றத் தேர்தலில் 84 வாக்குச்சாவடிகளில் 50-ல் மட்டும் இயந்திரம் வைத்தார்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை, தேர்தலுக்கு முன்பே இயந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை. தேர்தல் நடந்தது. 123 ஓட்டில் அவரே ஜெயித்துவிட்டார்! உடனே அவருக்கு இயந்திரத்தின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துபோனது. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸுக்கு வந்துவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தை வைத்தது செல்லாது என்று 1984-ல் தீர்ப்பு வந்தது. அந்த 50 சாவடிகளில் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் ஜெயித்தார். நாற்பது வருடங்களாக நம் ஊர் அரசியல்வாதிகள் நடத்திவரும் நாடகத்தின் முதல் காட்சி இது. வேஷம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது, 2004 மக்களவைத் தேர்தலில் இந்தியா முழுவதும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத் இ.சி.ஐ.எல்.லும் தயாரித்தன. பெங்களூரு இயந்திரத்தின் உருவாக்கத்தில் நம் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு என்பது வார இதழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2010-ல்தான் விவகாரம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத் என்ற தொழில்நுட்பக்காரர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோர் ஒரு நிஜமான இந்திய இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். எண்ணிக்கையைக் காட்டும் டிஸ்ப்ளே பலகையைக் கழற்றி, அதே மாதிரி இன்னொன்றை மாட்டி, செல்போனிலிருந்து கட்டளை கொடுத்துப் பொய் எண்ணைக் காட்டவைத்தார்கள். சட்டைப் பையில் வைக்கக்கூடிய ஒரு சின்னக் கருவியை மெமரி சிப்பின் மேல் கிளிப் மாதிரி மாட்டி, பதிவான ஓட்டுகளை மாற்றிக் காட்டினார்கள்.

இயந்திரம் கிடைத்தது எப்படி என்று போலீஸ் கேட்டது. மும்பையில் அரசாங்கக் கிடங்கிலிருந்து காணாமல்போன இயந்திரம் அது. கொடுத்தவர் பெயரைச் சொல்ல ஹரி பிரசாத் மறுத்தார். ஆகஸ்ட் மாதம் கைது செய்து மும்பைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு ஜாமீன் கிடைத்தது. டிசம்பரில் டெல்லி விமான நிலையத்தில் இறங்கிய ஹால்டர்மேனைத் தடுத்து நிறுத்தினார்கள்.

நண்பனின் மனைவி பயந்ததில் அர்த்தம் இருக்கிறது பாருங்கள்.

அதே 2010-ல் அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் வேறொன்று நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்கள் இன்டர்நெட்டில் ஓட்டுப்போட ஒரு ஏற்பாடு செய்தார்கள். தேர்தலுக்கு முன், 'முடிந்தவர்கள் உடைத்துப் பாருங்கள்' என்று பகிரங்கமாக அழைத்தார்கள். இதே ஹால்டர்மேனும் அவருடைய குழுவும் இரண்டு நாளுக்குள் உள்ளே போய்விட்டார்கள். போட்ட ஓட்டுகளையெல்லாம் மாற்றினார்கள். சர்வர் அறையின் கண்காணிப்பு கேமராவில் யார் வருகிறார், யார் போகிறார் என்று வேடிக்கை பார்த்தார்கள். ஓட்டுப் போட்டு முடித்தவர்களுக்குத் தங்கள் பல்கலைக்கழகப் பாட்டு ஒலிக்கும்படி செய்துவிட்டு வந்தார்கள். 'அது என்ன பாட்டு?' என்று யாரோ கேட்ட பிறகுதான் அதிகாரிகளுக்கு விஷயமே தெரிந்தது. அந்த இன்டர்நெட் ஓட்டு கைவிடப்பட்டது. யாரையும் கைது செய்யவில்லை. ஹால்டர்மேன் 2012-ல் இதையெல்லாம் வைத்தே உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்கும்படி ஆன்லைனில் ஒரு வகுப்பு எடுத்தார். ஆம்பூர் பெண்ணின் அசைன்மென்ட்டுக்குக் கொள்ளுத்தாத்தா அந்த வகுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

திருட்டு இயந்திரத்தை வைத்து ஆராய்வதும், 'வந்து உடைத்துப் பார்' என்று கூப்பிட்ட பிறகு உடைப்பதும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூப்பிடவே மாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? நம் தேர்தல் கமிஷன் 2017 ஜூனில் ஒரு சவால் விட்டது. இயந்திரத்தில் முறைகேடு செய்ய முடியும் என்பவர்கள் வந்து செய்து காட்டலாம், ஆனால் உள்ளே இருக்கும் பலகையை மாற்றக் கூடாது. எழுந்த கூச்சலுக்குக் கடைசியில் தேசியவாத காங்கிரஸ், மார்க்சிஸ்ட் என்று இரண்டே கட்சிகள் வந்தன, அவையும் சவாலில் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்பதுதான் என் அபிப்பிராயம். பூட்டைத் தொடாமல் திறந்து காட்டு என்பது ஒரு பக்கம். டி.வி.யில் மட்டும் திறந்து காட்டுவேன் என்பது இன்னொரு பக்கம்.

சாப்பிட்டு முடித்தாயிற்று. கத்திரிக்காய் தொக்கைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். நண்பன் தன் கட்சியை (இயந்திரக் கட்சியை) வாதாட ஆரம்பித்தான். அவன் சொன்னது எதையும் தள்ளிவிட முடியாது.

இயந்திரத்துக்கு இன்டர்நெட், வயர்லெஸ் எதுவும் கிடையாது. எந்த இயந்திரம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கம்ப்யூட்டரில் இரண்டு தடவை கலைத்துப் போடுகிறார்கள். வேட்பாளர் பட்டியல் இறுதியாகிற வரை எந்தப் பட்டன் யாருக்கு என்று தயாரித்தவனுக்கும் தெரியாது. காலையில் ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு மாதிரிக்குப் போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். சீல் வைக்கும் காகிதத்தில் ஏஜென்ட்டுகளும் கையெழுத்துப் போடலாம். கடைசியில் 17-சி படிவம். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாகியிருக்கிறது என்று எழுதி, ஏஜென்ட் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஒரு காப்பி கொடுக்க வேண்டும்.

"அந்தக் காப்பி என் பையில இருக்கிற வரைக்கும் ஒரு ஓட்டு கூட்ட முடியாது, குறைக்க முடியாது" என்று மேஜையில் தட்டினான். "1998-ல பூத்துக்கு டீ வாங்கிக் குடுக்கற பையனா இருந்தப்போ சீட்டு, பொட்டி எல்லாம் பாத்தவன் நான். பொட்டில இங்க் ஊத்தற காலத்துக்குத் திரும்பிப் போகணுமா?"

"மொத்தம் சரியா இருக்கும்பா. யாருக்கு எத்தனைங்கறது 17-சில இல்லையே" என்றாள் மகள், மெதுவாக.

வேலூர் கோட்டை ஞாபகம் வந்தது. அகழி, மதில், கொத்தளம் எல்லாம் வெளியாளுக்காகக் கட்டியது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் எழுந்தவர்கள் உள்ளே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த சிப்பாய்கள். நமக்கு அது வீர வரலாறு. ஆனால் பூட்டைப் பற்றிப் பாடம் நடத்தும் வாத்தியாருக்கு, அகழியை நம்பி உள்ளாளை மறந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் பக்கத்திலேயே கிடைக்காது.

மாலையில் நண்பனின் கிடங்குக்குப் போனோம். சென்னை பெரியமேட்டிலிருந்து ஒரு வியாபாரி சரக்கு பார்க்க வந்திருந்தார். தோல் சதுர அடிக் கணக்கில் விற்பனை. ஆனால் ஆடோ மாடோ சதுரமாகப் பிறப்பதில்லையே. கழுத்து ஒரு பக்கம் நீளும், கால் ஒரு பக்கம் நீளும், ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. தோலை ஒரு பக்கம் விட்டால் அளந்து எண் சொல்லிவிடும். அந்த எண்ணைத் தோலின் பின்பக்கம் எழுதிவைக்கிறார்கள். மழை ஈரத்தில் தோல் கொஞ்சம் விரியும், வெயிலில் சுருங்கும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? கட்டில் மேலே இருந்ததை விட்டுவிட்டு நடுவிலிருந்து நான்கு, அடியிலிருந்து இரண்டு என்று தானே உருவினார். இவற்றைத் தனக்குத் தெரிந்த இடத்தில் இன்னொரு மெஷினில் அளந்து பார்ப்பாராம். நண்பன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. டீ சொல்லி அனுப்பினான்.

"உன் மெஷினையே சந்தேகப்படறாரே, கோபம் வரலை?" என்றேன்.

"வியாபாரம்டா. அளக்க விடலைன்னாத்தான் வேற கடைக்குப் போவாரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நண்பன் இருவரையும் பார்த்து, "டேய், அது வேற இது வேற" என்றான். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

வேறுதானா? தேர்தலில் ஜெயித்தவருக்குக் கணக்கு காட்ட வேண்டிய அவசியமே இல்லை, அவர் மாலையைக் கழற்றுவதற்குள் ஐந்து வருடம் ஓடிவிடும். கணக்கு என்பது தோற்றவருக்காகத்தான். தோற்றவர், அதுவும் கொஞ்சம் வித்தியாசத்தில் தோற்று வயிறு எரிந்து நிற்பவர், 'சரி, நான் தோற்றுத்தான் போனேன்' என்று தன் மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளும்படி காட்ட வேண்டும். ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனும் ஓட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும், முடியாததால் அங்கே பயன்படுத்திய இயந்திரங்கள் சட்ட விரோதம் என்றது. அவர்கள் சீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். தொண்ணூறு கோடிக்கு மேல் வாக்காளர்கள் உள்ள நாம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்க் ஊற்றிய காலத்தை என் நண்பன் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நாம் ஒரு நடுவழி கண்டுபிடித்தோம். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காகிதச் சாட்சி கட்டாயம் தேவை என்றது. பட்டனை அழுத்தினால் சின்னம் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து பெட்டியில் விழும் விவிபேட் வந்தது. 2019-ல் எல்லாச் சாவடிகளிலும் வைத்தார்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் நிராகரித்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் ஒன்றில்தான் வித்தியாசம், அதுவும் காலையில் போட்ட மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்ததால் வந்தது என்பது அந்த வழக்கில் சொல்லப்பட்ட கணக்கு. இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் பணம் கட்டி ஐந்து சதவிகித இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்லலாம் என்றும் வழி வைத்தது. தோற்றவருக்கென்று சட்டம் திறந்த ஒரு ஜன்னல் அது.

என் பி.காம். மூளைக்கு உறுத்துவது அந்த 'ஐந்து'. ஆறு மார்க் குறைவாக வாங்கியவனின் கணக்கு இது, ஜாக்கிரதையாகப் படியுங்கள். வேலூர் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஐந்தைந்தாக முப்பது சாவடிகள். மொத்தம் 1,500 சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்ட் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141. அப்படிப்பட்ட முடிவைத் தலைகீழாக்க 4,071 ஓட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினால் போதும். சாவடிக்கு நூறு ஓட்டு என்றால் 41 சாவடிகள். முப்பதைக் குலுக்கி எடுக்கும்போது இந்த 41-ல் ஒன்றாவது மாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 57. காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். வித்தியாசம் ஒரு லட்சம் என்றால் 500 சாவடிகளில் கைவைக்க வேண்டும், அப்போது முப்பதில் தப்பவே முடியாது. இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, நடந்ததற்கு ஒரு துரும்பு ஆதாரமும் என்னிடம் இல்லை. வித்தியாசம் குறையக் குறைய அதிகம் எண்ண வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல் இந்த மாதிரிதான் செய்கிறார்கள். பெரியமேட்டு வியாபாரியும் அதைத்தான் செய்கிறார், பேரம் இறுக்கமாக இருந்தால் இன்னும் நான்கு தோல் உருவுவார்.

ஆனால் அந்த வியாபாரியிடம் இன்னொரு ஒழுங்கும் இருக்கிறது. எத்தனை தோல் அளப்பேன், எவ்வளவு குறைந்தால் திருப்பி அனுப்புவேன் என்பதைச் சரக்கு எடுப்பதற்கு முன்னால் பேசிவிடுகிறார். விற்று நஷ்டம் வந்த பிறகு 'உன் மெஷின் மோசம்' என்று வந்து நிற்பதில்லை. நம் கட்சிகள்? ஜெயித்த மாநிலத்தில் மக்கள் தீர்ப்பு, தோற்ற மாநிலத்தில் இயந்திரச் சதி, இரண்டும் ஒரே நாளில், ஒரே வாயில். சந்தேகப்பட எல்லாருக்கும் உரிமை உண்டு. 'என்ன காட்டினால் ஒப்புக்கொள்வாய்?' என்ற கேள்விக்கு ஓட்டு எண்ணும் முன்பே பதில் சொல்லாதவரின் சந்தேகத்தை நான் சந்தேகப்படுகிறேன்.

ராத்திரி மொட்டை மாடியில் அந்தப் பெண் அசைன்மென்ட்டை லேப்டாப்பில் வாசித்துக் காட்டினாள். ஒரு அட்டவணை போட்டிருந்தாள். இயந்திரத்தின் சிப்பை மாற்றுவது: செலவு அதிகம், ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் தொட வேண்டும், கூட்டாளிகள் அதிகம், ஒருவன் உளறினாலும் போச்சு. கிடங்கில் கைவைப்பது: காவல், கேமரா, எதிர்க்கட்சிக்காரர்கள் வாசலில் படுத்திருப்பார்கள். இப்படியே இறங்கிக்கொண்டு வந்து கடைசி வரி: வாக்காளர். செலவு: தலைக்கு இவ்வளவு. தொழில்நுட்பம்: தேவையில்லை.

"மெஷின் பக்கமே போக மாட்டேன் அங்கிள். பட்டனுக்கு முன்னாடி விரல் இருக்குல்ல, அதைப் பிடிப்பேன்."

இவர்கள் ஊரிலேயே நடந்ததுதான். 2019 ஏப்ரல் 18 அன்று வேலூர் மக்களவைத் தேர்தல் நடந்திருக்க வேண்டும். அதற்கு முன் வருமான வரித்துறை சோதனையில் ஒரு கிடங்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியது. ஏப்ரல் 16-ல் குடியரசுத் தலைவர் தேர்தலையே ரத்து செய்தார். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல் முறை. வேடிக்கை என்னவென்றால், அதே 18-ம் தேதி, அதே ஊரில், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல் திட்டப்படி நடந்தது. காசால் கெட்டுப்போன வாக்காளர் அன்றைக்கு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மட்டும் சுத்தமாகிவிட்டார் போலிருக்கிறது. ஆகஸ்ட் 5-ல் மக்களவைத் தேர்தலை மறுபடி நடத்தினார்கள். அதே முக்கிய வேட்பாளர்கள். எந்த இயந்திரத்தின் எந்த சீலும் உடையவில்லை.

"ஆனா ஒண்ணு புரியலை அங்கிள். ஓட்டு ரகசியம். காசு குடுத்தவனுக்கு நாம யாருக்குப் போட்டோம்னு தெரியவே தெரியாது. அப்புறம் எந்த தைரியத்துல குடுக்கறான்?"

மேடத்தின் பாடத்தில் இதற்கு விடை இருக்காது. குடியாத்தத்தில் இருந்த என் அத்தையிடம் இருந்தது. ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்காரர் கொடுத்த ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டார். அந்த வேட்பாளரை அத்தைக்கு ஆகவே ஆகாது, தெருவில் நின்று திட்டுவார். ஓட்டு மட்டும் அவருக்கே போட்டார். "ஏன் அத்தே, உள்ள யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டதற்கு, "கை நீட்டி வாங்கிட்டனேப்பா. மாத்திப் போட்டா துரோகம் இல்லியா?" என்றார்.

ஆர்.கே. நகரில் 2017-ல் இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவையெல்லாம் காசு கொடுத்தவனின் ஆடிட்டிங். ஆனால் அவனுடைய பெரிய பூட்டு அத்தையின் மனசாட்சிதான். அயோக்கியர்களிடம் கொடுத்தால் காசு வீண். வாங்கினதற்கு வஞ்சகம் செய்யாத யோக்கியர்களை நம்பித்தான் மொத்த முதலீடும். எவ்வளவோ மூளை செலவழித்து, காசு கொடுத்தவனை ஏமாற்றும் சுதந்திரத்தை ஓட்டு ரகசியம் என்ற பெயரில் அத்தைக்குக் கொடுத்தோம். பொய் சொல்லத் தெரியாததால் அவர் அதை உபயோகிக்கவே இல்லை. அவரைத் தப்பு என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண் அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

நண்பனின் மனைவி மாடிக்கு வந்து, "என்னண்ணே, தீர்ப்பு என்னாச்சு?" என்றார். "எழுதட்டும்மா, தப்பில்ல" என்றேன். "போலீஸ் வந்தா என் பேரைச் சொல்லுங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பன் இவ்வளவு நேரமும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஹைவேயில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "ஒண்ணு விட்டுட்டே" என்றான்.

"என்னப்பா?"

"ஏஜென்ட்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "காலையில அஞ்சு மணிக்குப் போய் உக்காருவோம். சாயங்காலம் கூட்டம் இருக்காது. பசி, தூக்கம். ஒரு எலெக்‌ஷன்ல, நம்பர் எழுதறதுக்கு முன்னாடியே 17-சில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் காப்பி வாங்கினேன். நம்பர் இருந்துச்சு. சரியாத்தான் இருந்திருக்கும்."

"சரியாத்தான் இருந்திருக்கும்னு எப்படிப்பா தெரியும்?"

அவன் பதில் சொல்லவில்லை. கீழே ஒரு லாரி பச்சைத் தோல் வாசனையோடு கடந்து போனது. அவள் லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

"பேர் போடாதே" என்றான் நண்பன். "'ஒரு ஏஜென்ட்'னு மட்டும் எழுதிக்கோ."